ஊட்டுக்காரர் ‘அங்கே’ போனது தெரிந்துவிட்டது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல், ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் அரசு மருத்துவமனைக்குப் போனவர்கள் ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற இடம். பரிசோதனைக்கு முன்னாலும் பின்னாலும் உட்கார வைத்துப் பேசுவார்கள். அப்படி ஒரு மையத்தில் பல வருடம் ஆலோசகராக இருந்தவள் நான். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் ரத்தத்தைப் பற்றிக் கேட்டதைவிட வீட்டைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். பார், ஸ்பா, காசு கொடுத்து வைத்துக்கொள்ளும் உறவு, அது தெரிந்த பிறகு கல்யாணமும் காதலும் என்ன ஆகும் என்று திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் பக்கத்தில் இதை வாய்விட்டு யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் ஒறம்பரை, சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயம். அந்தப் பயத்திலேயே வருடக்கணக்காகச் சும்மா இருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

என் கணவர் காசு கொடுத்து வேறு பெண்ணிடம் போயிருக்கிறார் என்று நேற்றுத்தான் தெரிந்தது. முதலில் என்ன செய்வது?

முதலில் பரிசோதனை. சண்டை, பஞ்சாயத்து, பொறந்த வீட்டுக்குக் கிளம்புவது எல்லாம் அப்புறம். உங்கள் கோபம் நியாயமானது, அதை யாரும் தணிக்கச் சொல்லவில்லை. ஆனால் மாமியாருக்கும் அண்ணனுக்கும் போன் போடுவதற்கு முன்னால் உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள் கணக்குப் போடுங்கள். அவர் அங்கே போய் வந்த பிறகு, உங்களோடு ஆணுறை இல்லாமல் சேர்ந்தது எப்போது? 72 மணி நேரத்துக்குள் என்றால் அன்றைக்கே அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போங்கள். பூட்டியிருந்தால் அவசரப் பிரிவுக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க 28 நாள் சாப்பிடும் மருந்து இருக்கிறது. தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு பலன். மூன்று நாள் தாண்டிவிட்டால் அது உதவாது.

நாள் தாண்டிவிட்டது என்றால் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை, தாலுகா மருத்துவமனை, பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருக்கிறது. காசு கிடையாது. உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. இன்றைக்கு ‘இல்லை’ என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். கிருமி உடம்புக்குள் இருந்தும் பரிசோதனையில் தெரியாத ஒரு காலம் உண்டு. கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அதுவரைக்கும் ஆணுறை, இல்லையென்றால் தனிப்படுக்கை.

எச்.ஐ.வி. மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறவர்கள்தான் நிறையப் பேர். மேகப்புண் என்று நம் ஆட்கள் சொல்லும் சிபிலிஸுக்கும் அங்கேயே ரத்தம் கொடுங்கள். பால்வினை நோய்களுக்கு அரசு மருத்துவமனைகளில் ‘சுகவாழ்வு மையம்’ என்று தனியாக இருக்கிறது. பெண்களுக்குப் பல தொற்றுகள் அறிகுறியே காட்டாமல் உள்ளே இருக்கும். கொனோரியா என்கிற வெட்டை நோயைக் கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் அடைத்துக் குழந்தை நிற்காமல் போகலாம். அடிவயிற்று வலி, வெள்ளைப்படுதல் இருந்தால் ‘சூடு’ என்று இளநீர் குடித்துவிட்டு இருந்துவிடாதீர்கள்.

ஆணுறை போட்டுத்தான் போனேன், அதனால் பயமில்லை என்கிறாரே?

ஒரு அம்மணி வந்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் துணி துவைக்கும்போது கணவரின் சட்டைப் பையில் பிரிக்காத ஆணுறைப் பாக்கெட் கிடைத்திருக்கிறது. அதைக் கைக்குட்டையில் சுற்றி மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தார். “இதைப் பார்த்துத்தானுங்க்கா எனக்கு மானமே போச்சு” என்றார். அவருக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஆணுறை கிடைத்தது கேவலம் இல்லை. அது இல்லாமல் போயிருந்தால்தான் ஆபத்து பல மடங்கு. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகப் போட்டாரா, குடித்திருந்த அன்றைக்கும் போட்டாரா என்பது அவருக்கே நிச்சயமாகத் தெரியாது. சிபிலிஸ், அக்கி, மரு உண்டாக்கும் எச்.பி.வி. போன்றவை ஆணுறை மூடாத தோலிலிருந்தும் தொற்றும். அதனால் ஆணுறை போட்டிருந்தாலும் பரிசோதனை வேண்டும்.

பரிசோதனைக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

நீங்கள் தனியாகப் போங்கள். அவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. “நான் போய்ப் பார்த்துட்டு வந்துட்டேன், நீங்க பார்க்காம என் பக்கத்துல வராதீங்க” என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. இப்படிச் சொன்ன பிறகு முரண்டு பிடித்தவர்களிலும் பாதிப் பேராவது வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மனைவி ஆஸ்பத்திரி பெஞ்சில், கணவர் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் என்று அரை மணி நேரம் நிற்பார்கள். அப்புறம் அவர் உள்ளே வருவார். கை ஓங்கினால், மிரட்டினால் பெண்கள் உதவி எண் 181. ராத்திரி பகல் எந்த நேரமும் எடுப்பார்கள்.

பஸ் ஸ்டாண்ட் சுவரில் விளம்பரம் பார்த்து, லாட்ஜில் முகாம் போடும் வைத்தியரிடம் காட்டிவிட்டார். போதாதா?

போதாது. சிபிலிஸ் புண் வலிக்காது, சில வாரத்தில் தானாக மறைந்தும் விடும். லேகியம் சாப்பிட்டதால் போனது என்று நினைத்துக்கொள்வார்கள். நோய் போகவில்லை, உள்ளே இறங்கியிருக்கிறது. பென்சிலின் ஊசியில் குணமாகிற நோயை இப்படி வருடக்கணக்கில் வளர்த்துக் குழந்தைவரைக்கும் கொண்டுபோய்விடுகிறார்கள்.

எச்.ஐ.வி. இருக்கிறது என்று முடிவு வந்தால் வாழ்க்கை முடிந்ததா?

இல்லை. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும், இந்தியாவில் முதல்முதலாக எச்.ஐ.வி. இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. அப்போது மருந்து இல்லை. இன்றைக்கு நிலைமை வேறு. தொற்று உறுதியானதுமே ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசமாக மருந்து ஆரம்பித்துவிடுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரு மாத்திரை. விடாமல் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி எண்ணிக்கை கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நிலைத்து நின்றால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. தொற்றுள்ள அம்மாவுக்குத் தொற்றில்லாத குழந்தை பிறப்பது இன்றைக்குச் சாதாரணம். சந்தேகம் இருந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

லாரிக்குப் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தானா? என் பெண்ணுக்கு ரிக் வண்டி மாப்பிள்ளை வந்திருக்கிறது.

இந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் ஒரு காலத்தில் நாமக்கல் என்று சொன்னாலே பெண் கொடுக்க யோசித்தார்கள். 1990களிலும் 2000த்தின் தொடக்கத்திலும் மாநிலத்தில் எச்.ஐ.வி. அதிகம் இருந்த மாவட்டங்களில் நாமக்கல் ஒன்று என்பது உண்மை. லாரித் தொழில் அதற்கு ஒரு பெரிய காரணம் என்பதும் உண்மை. நாமக்கல், சங்ககிரி லாரிகள் வட இந்தியா முழுக்க ஓடுகின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போட வெளிமாநிலம் போனால் மாதக்கணக்கில் வீடு திரும்பாது. வீட்டை விட்டு நாள்கணக்கில் விலகி, கையில் படிக்காசோடு, தூக்கம் கெட்டு, கூட இருக்கிறவன் கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போகிற வாழ்க்கை அது. ஆனால் அதே தொழிலில் இருந்தவர்கள்தான் தைரியமாகப் பரிசோதனைக்கும் வந்தார்கள். லாரிப் பட்டறையில், புக்கிங் ஆபீஸ் வாசலில், ஆணுறை பற்றி வெட்கப்படாமல் பேசக் கற்றுக்கொண்டார்கள். நான் பார்த்த வரையில், கௌரவமான உத்தியோகத்தில் இருக்கிறவர்கள்தான் கடைசிவரைக்கும் ஒளித்தார்கள்.

தொழிலைப் பார்த்து மாப்பிள்ளையைத் தள்ளாதீர்கள். ஜாதகம் பார்க்கிற அன்றைக்கே இரண்டு பக்கமும் ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மாப்பிள்ளைக்கு மட்டும் கேட்டால்தான் அவமானமாகத் தெரியும். இரண்டு பேருக்கும் என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

எனக்கு நிச்சயமான பெண் சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை. சனிக்கிழமை தோழிகளோடு பப்புக்குப் போகிறாள். அவளை நம்பலாமா?

பப்புக்குப் போவதும் பாலியல் தொழிலும் வேறு வேறு. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். கோவையில் அவிநாசி ரோட்டில் பெரிய ஓட்டல்களில் பாட்டுப் போட்டு ஆடுகிற இடங்கள் வந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 21 வயதானவர் உரிமம் உள்ள இடத்தில் குடிப்பது சட்டப்படி தவறில்லை. உங்களுக்கு அது பிடிக்கவில்லை என்றால் கல்யாணத்துக்கு முன்னால் நேராகச் சொல்லுங்கள், அவளும் தன் பக்கத்தைச் சொல்லட்டும். ஒத்துவரவில்லை என்றால் அது வேறு கதை. ஆனால் ஒழுக்கத்தைச் சந்தேகப்பட இதில் ஒன்றும் இல்லை. நீங்கள் டாஸ்மாக் பக்கம் போனபோது உங்களை யாரும் அந்தக் கேள்வி கேட்கவில்லையே?

இதே மாதிரிதான் மாரியம்மன் நோம்பிக்கு ஆடல் பாடல் நிகழ்ச்சியில் ஆட வரும் பெண்களைப் பேசுவதும், கரகாட்டக்காரப் பெண்களைப் பேசுவதும். மேடையில் ஆடுவது அவர்களுடைய வேலை. விடியற்காலை வேனில் ஊர் திரும்பி, குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள்.

டீலர் டூர் என்று பாங்காக் போய் வந்தார். அங்கே எல்லாம் சட்டப்படி சரி என்கிறார்.

தாய்லாந்திலும் பாலியல் தொழிலுக்குத் தடை உண்டு, 1996ஆம் ஆண்டுச் சட்டம். நடைமுறையில் கண்டும் காணாமல் விடுகிறார்கள், அவ்வளவுதான். பெயிண்ட், சிமெண்ட், மோட்டார், தீவனம் என்று விற்பனை இலக்கைத் தொட்டால் கம்பெனி செலவில் டூர் என்பது எங்கள் ஊர்க் கடைக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். போகிறவர் எல்லாம் தப்பு செய்கிறார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘எல்லோரும் போனார்கள், நான் மட்டும் ரூமில் இருக்க முடியுமா’ என்று சொன்னவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். பத்து மச்சான்கள் சேர்ந்து போனால் தனியாக மறுப்பது கஷ்டம் என்பது புரிகிறது. மறுத்துவிட்டு ரூமில் படுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் தொழிலில் ஒதுக்கிவிடவில்லை. நாடு எதுவாக இருந்தாலும் உங்களுக்கு மூன்று மாதக் கணக்கு ஒன்றுதான்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

1956ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1986இல் திருத்தி, ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். 18 வயது நிறைந்த ஒருவர் தன் விருப்பத்தில் பாலியல் தொழில் செய்வதை மட்டும் தனியாக எடுத்தால், அது இந்தச் சட்டத்தில் குற்றமில்லை. விடுதி நடத்துவது, ஆள் பிடித்துக் கொடுப்பது, அந்தச் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது, அடைத்து வைப்பது, பொது இடத்தில் கூப்பிடுவது எல்லாம் குற்றம். கோயில், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் என்றால் போகிற ஆண்மேலும் வழக்கு வரும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பேச்சே இல்லை, போக்சோ. “அவளே வயசு 19ன்னு சொன்னா” என்பதை வைத்துத் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கடத்தி வரப்பட்ட பெண் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ போனால் அதுவும் தனிக் குற்றம்.

2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் முக்கியமான உத்தரவுகள் போட்டது. தொழிலில் இருக்கும் பெண்களைப் போலீஸ் மரியாதையோடு நடத்த வேண்டும், வாயாலோ கையாலோ துன்புறுத்தக் கூடாது. பத்திரிகை, தொலைக்காட்சியில் அவர்கள் படத்தையோ அடையாளத்தையோ போடக் கூடாது. ஆணுறை வைத்திருந்ததைக் குற்றத்துக்கு ஆதாரமாக எடுக்கக் கூடாது. ஸ்பா ரெய்டு செய்தியை முகத்தோடு போட்டு வாட்ஸ்அப் குழுவில் பகிர்கிறவர்கள் கடைசி இரண்டையும் இன்னொரு தடவை படியுங்கள்.

அந்தப் பொம்பளைதானே என் குடும்பத்தைக் கெடுத்தாள்?

உங்கள் வேதனை எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், உங்களுக்கு வாக்குக் கொடுத்தது அவள் இல்லை. கல்யாணச் சடங்கு நடத்தும் அருமைக்காரர் முன்னால், ஊர் முன்னால் தாலி கட்டியவர் உங்கள் கணவர். பொய் சொன்னவரும் அவர்தான். கோபம் போக வேண்டிய இடம் அதுதான்.

தமிழ்நாட்டில் மும்பை, கல்கத்தா மாதிரி தனித் தெருக்கள் கிடையாது. இங்கே இந்தத் தொழிலில் இருக்கும் பெரும்பாலான பெண்கள் நம் பக்கத்துத் தெருவில், வேறு வேலைக்குப் போகிறவர்களாக இருக்கிறார்கள். போனில்தான் ஏற்பாடு. என்னிடம் பரிசோதனைக்கு வந்தவர்களில் பனியன் கம்பெனியில் செக்கிங்குக்குப் போகிறவர் இருந்தார். கட்டட வேலைக்குப் போகிறவர் இருந்தார். புருசன் விட்டுவிட்டுப் போனது, குழுக் கடன் தவணை, ஒரு ஆப்பரேஷன் செலவு என்று எப்போதும் கையில் ஒரு கணக்கு இருக்கும். ஒருவர் தவணை அட்டையையும் பரிசோதனைச் சீட்டையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை தவணை, அதனால் திங்கட்கிழமை மட்டும் வருவார். அவரைப் பார்த்தபோது எனக்குக் குடும்பத்தைக் கெடுக்கிற பெண்ணாகத் தெரியவில்லை.

நானே அந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒருவர் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்கிறார். சொல்லிவிடுவதா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்கள் எல்லோருமே மெதுவான குரலில்தான் கேட்டார்கள். இரண்டு விஷயம் சொல்கிறேன் கண்ணு.

ஒன்று, வாடிக்கையாளரிடம் ஆணுறை இல்லாமல் முடியாது என்று கறாராக நிற்கிற பெண்கள்கூடக் காதலனிடம் அதை விட்டுவிடுகிறார்கள். ‘இவரும் அவங்களும் ஒண்ணா?’ என்ற பாசம். தொற்று வருவது பல நேரம் அந்த வழியில்தான். பாசம் இருக்கட்டும், இரண்டு பேரும் பரிசோதனை முடிக்கும்வரை ஆணுறையும் இருக்கட்டும்.

இன்னொன்று, சொல்வதா வேண்டாமா என்பது. அவர் உங்கள் வாடிக்கையாளராக வந்து தெரிந்தவர் என்றால் கேள்வியே இல்லை. தெரியாதவர் என்றால், முதலில் அவர் கோபத்தில் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள். சின்ன விஷயத்துக்குக் கை ஓங்குகிறவரிடம் சொல்வதைவிட அவரை விட்டு விலகுவது நல்லது. பொறுமையாகக் கேட்கிறவர் என்றால் தாலிக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். பின்னால் யாரோ சொல்லி அவர் தெரிந்துகொள்கிற நாளின் பயத்தோடு குடும்பம் நடத்த முடியாது. அவர் உங்கள் சம்பாத்தியத்தில் சாப்பிட்டுக்கொண்டே ‘அடுத்த வருசம் கட்டிக்கிறேன்’ என்று தள்ளிப்போடுகிறார் என்றால், அவர் உங்களைக் கட்டிக்கொள்ளப் போவதில்லை. இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருத்தர்கூட முதல் தடவை நம்பவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் நண்பர்களோடு ஒரே ஒரு தடவை போனேன். அடுத்த மாதம் கல்யாணம். அவளிடம் சொல்ல வேண்டுமா?

கேட்டதே நல்லது தம்பி. பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் மணவறையில் உட்காராதே. இது பேரத்துக்கு இடமில்லாதது. மூன்று மாதம் ஆகவில்லை என்றால் ஆகும்வரை ஆணுறை. அதைக் காரணம் சொல்லாமல் செய்ய முடியாது, அதனால் பேச்சு தானாகவே வந்துவிடும். முடிவு சுத்தமாக இருந்தால் நடந்ததை விவரமாக ஒப்பிக்கத் தேவையில்லை, ஆனால் அவள் கேட்கும்போது பொய் சொல்லாதே. இதைக் கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து உன் நண்பன் ஒருவன் குடித்துவிட்டு விருந்தில் உளறுவான். உளறினார்கள், பார்த்திருக்கிறேன்.

ஆன்லைனில் பெண் கிடைப்பாள் என்று பணம் கட்டி ஏமாந்துவிட்டேன். இப்போது வீடியோவை மனைவிக்கு அனுப்புவேன் என்று மிரட்டுகிறார்கள்.

இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அனுப்பினால் நிறுத்த மாட்டார்கள், அடுத்த தொகை கேட்பார்கள். முன்பணம், ஓட்டல் வைப்புத்தொகை, போலீஸ் பெயரில் ஒரு போன் என்று வரிசையாக வரும். சில நேரம் வீடியோ காலில் ஒரு பெண் வந்து, உங்களையும் உடையைக் கழற்ற வைத்துப் பதிவு செய்துவிடுவார்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் படம் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். பணம் போன உடனே சொன்னால் அதை நடுவழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அப்புறம், மிரட்டுகிறவன் சொல்வதற்கு முன்னால் நீங்களே மனைவியிடம் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் அவன் கையில் ஆயுதம் இல்லை.

காதல் என்று நம்பி வந்த பெண்களைப் படம் எடுத்து மிரட்டினால் அதன் பெயர் வேறு. பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. புகார் கொடுத்த பெண்கள் பேசியதால்தான் அது நடந்தது. உங்களுக்கோ உங்கள் பெண்ணுக்கோ அப்படி நடந்திருந்தால், தப்பு செய்தவர்கள் அவர்கள். பிள்ளையைத் திட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

இதைக் காட்டி விவாகரத்து வாங்க முடியுமா? மனைவி அப்படிப் போனால் மட்டும் சட்டம் வேறா?

சட்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். 2018 செப்டம்பர் 27 அன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் நீக்கியதிலிருந்து பிறருடன் உறவு வைப்பது சிறைக்குப் போகிற குற்றமில்லை. ஆனால் விவாகரத்துக்குக் காரணமாக இன்றும் இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் கல்யாணத்துக்குப் பிறகு விருப்பத்தோடு வேறொருவருடன் ஒரு தடவை சேர்ந்தாலும் மனு போடலாம். தொற்றக்கூடிய பால்வினை நோய் தனிக் காரணம். குற்றச்சாட்டை நிரூபிக்க வருடக்கணக்காகும் என்பதால் பலர் பரஸ்பர சம்மதத்துக்குப் போகிறார்கள். கைச்செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வக்கீல் இலவசம்.

வீட்டில்தான் சட்டம் இரண்டாக இருக்கிறது. ஆண் போனால் ‘ஆம்பளைன்னா அப்படித்தான் அம்மணி, பொறுத்துப் போ’ என்கிற அதே பெரியம்மா, பெண்மேல் ஒரு வதந்தி வந்தாலே வீட்டுக்குள் சேர்க்க மாட்டார். பொறுத்துப் போகச் சொல்லித்தான் பல பெண்களை நோயோடு என் அறைக்கு அனுப்பினார்கள்.

திரும்பச் சேர்ந்து நன்றாக வாழ்ந்தவர்கள் உண்டா?

உண்டு. எல்லோரும் சேர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பிரிந்தவர்கள் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். சேர்ந்தவர்களிடம் ஒன்றைப் பார்த்தேன். போனவர் காரணம் அடுக்குவதை நிறுத்திவிட்டார். ‘நீ கவனிக்கல, அதனால போனேன்’ என்று சொல்கிறவரோடு சேர்ந்தவர்கள் மறுபடியும் என் அறைக்கு வந்தார்கள்.

விசைத்தறி வைத்திருந்த ஒரு குடும்பம். அவர் ஸ்பாவுக்குப் பணம் அனுப்பியது போனில் வங்கிக் கணக்குப் பார்க்கும்போது தெரிந்துவிட்டது. ஒரு தடவை இல்லை, பல தடவை. அந்த அம்மா அழவில்லை. மூன்று விஷயம் கேட்டார். போனுக்குப் பூட்டு இருக்கக் கூடாது. மூன்றாம் மாதப் பரிசோதனை முடியும்வரை அவர் தறிக்கூடத்தில்தான் படுக்க வேண்டும். மாமனார் மாமியாரிடம் காரணத்தை அவரே சொல்ல வேண்டும், அந்த அம்மா தன் வாயால் சொல்ல மாட்டார். மூன்றாவதுதான் கணவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு மாதம் ஓட்டினார். ஒருநாள் பொழுதோட, அப்பாவிடம் தறி ஓசைக்கு நடுவில் சொல்லிவிட்டாராம். பெரியவர் ஒன்றும் பேசவில்லை, தறியை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டார்.

மூன்றாம் மாதம் இரண்டு பேரும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தேதி எழுதிக் கொடுத்த சீட்டை அந்த அம்மா ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்தார். முடிவு வரும்வரை இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு. ‘இல்லை’ என்று சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மா என்னைப் பார்த்து, “அப்ப ஆறாம் மாசமும் ஒருக்கா வந்து பார்த்துக்கலாமுங்களா?” என்று கேட்டார். வாங்க என்றேன்.